கரையில் வாழ்வாரைக் கேட்டீர்களா?

(காஞ்சிபுரத்தில் தமிழன்பர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஒருவனை ஊரைவிட்டு வெளியேற்றிய கதை ஒன்று இந்தக் காஞ்சியில் வழங்குகிறது. பல்லவ வேந்தன் ஒருவன், திருமழிசையாழ்வாரின் மாணவனாகிய கணிகண்ணனை அழைத்துத் தன்மேற் பாட்டொன்று பாடுமாறு பணித்தான். மாந்தரைப் பாடேன் என்றான் கணிகண்ணன். அப்படியாயின் என் நகரில் உனக்கு இடமில்லை, புறப்படு என்றான் வேந்தன். மாணவன் புறப்பட்டான், அவன் பின்னே ஆசிரியரும் புறப்பட்டார், புறப்பட்டவர், திருவெஃகாவிற் பள்ளிகொண்டிருந்த திருமாலையும் உடன் வருமாறு அழைத்தார். அவனும் எழுந்து நடந்தான். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை. அதுவே இன்று ஓரிக்கை. ஊர் பொலிவிழந்து கிடக்கக் கண்ட வேந்தன் ஓடிச்சென்று பொறுத்தருள வேண்டி மூவரையும் அழைத்து வந்தான். அன்று முதல் வெஃகாவின் இறைவனுக்குச் 'சொன்னவண்ணம் செய்தவன்' என்று பெயர். அந்த அழகிய தமிழ்ப்பெயரைத்தான் 'யதோத்தகாரி' என்று வடமொழியிலும் வழங்குகின்றனர்.

கதையை நம்புவார் நம்புக; நம்பாதார் விடுக. ஆயினும் கதையைக் கட்டிய ஊரின் உள்ளம் எத்தகையது என்பதைப் பாருங்கள். ஆணையிட்ட வேந்தனின் பெயர் மக்கள் நாவில் நிற்கவில்லை. வெளியேற்றப்பட்டவன் பெயர் நிற்கிறது. ஆணையிட்டவன் பக்கம் நில்லாமல் வெளியேறுகிறவன் பின்னே நடந்ததனாலேயே இறைவனுக்கு அப்பெயர் வந்தது.

அதே கோயிலுக்கு இன்னொரு கதையும் உண்டு. கலைமகள் சினங்கொண்டு ஆறாகப் பெருகி வர, திருமால் அணையாகக் குறுக்கே கிடந்தான் என்பது அது. ஆற்றுப் பெருக்கை அஞ்சிய ஊரின் பழைய நினைவே அக்கதைக்குள் ஒளிந்திருக்கிறது என்று கொள்வதிற் பிழையில்லை. ஆக, வெளியேற்றம், வெள்ளம் என்னும் இரண்டுமே இவ்வூர்க்குப் புதியன அல்ல. இன்றைய பேச்சும் அவ்விரண்டைப் பற்றியதே.

அந்த ஆறு இன்று வேகவதி என்னும் வடசொற் பெயரால் வழங்குகிறது. தாமல் ஏரியின் மிகுநீரைச் சுமந்து புறப்பட்டுக் காஞ்சியை ஒட்டி வந்து, திருமுக்கூடலிற் பாலாற்றொடும் செய்யாற்றொடும் கலக்கிறது. மூன்று ஆறுகள் கூடுவதாலேயே அவ்வூர் முக்கூடல். கரையிலுள்ள வெஃகாவோ, கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலேயே இடம்பெற்றது. இத்துணைப் பழைமை வாய்ந்த ஆற்றை இன்று மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. நகரின் கழிவுநீர் அதில் விழுகிறது. சாயநீர் விழுகிறது. கட்டட இடிபாடும் குப்பையும் விழுகின்றன. இவற்றுக்கு நடுவில், போக வேறிடமற்ற மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடிசையும் ஓட்டு வீடும் கட்டி வாழ்ந்து வந்திருக்கின்றனர்.

2015-ஆம் ஆண்டின் நவம்பர், திசம்பர் மழையிலும், 2021 நவம்பர் மழையிலும் ஆறு தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. கரையோர வீடுகளில் நீர் புகுந்தது. ஆற்றை அகலப்படுத்த வேண்டும், படுகையிலுள்ள வீடுகளை அகற்ற வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அகற்றப்படுவோர்க்கென நகரின் நடுவிலிருந்து விலகிய கீழ்க்கதிர்ப்பூரில் 2,000-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. ஆற்றங்கரை மக்களுள் ஒரு சாரார் அங்குச் சென்றனர். மற்றொரு சாரார் செல்ல மறுத்து நின்றனர்.

மறுத்து நின்றவர்களைப் பற்றி நகருக்குள் எழும் பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'அரசு வீடே கொடுக்கிறது, போகமாட்டோம் என்கிறார்களே, என்ன பிடிவாதம்!' இப்படிப் பேசுகிறவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவே. அதே போல, 'ஓர் ஆளைக்கூட ஆற்றங்கரையிலிருந்து அசைக்கக் கூடாது' என்று பேசுவாரும் உளர். அதுவும் பொருந்தாது. ஆற்றின் வயிற்றுக்குள் கட்டிய வீட்டில், நள்ளிரவில் நீர் ஏறும்போது தூங்கும் குழந்தையைத் தோளிற் போட்டுக்கொண்டு வெளியேறிய தாயைக் கேட்டுப் பாருங்கள். அவரே அவ்வீட்டை விரும்பவில்லை. ஆறு ஆறாக இருக்கத்தான் வேண்டும். எனவே, போவதா இருப்பதா என்பது வினா அன்று. எங்கே போவது, எப்படிப் போவது, போன இடத்தில் எதைக்கொண்டு உண்பது என்பவற்றை யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்பதே வினா.

ஒரு தறியை எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரையில் வாழ்வோர் அனைவரும் நெசவாளர் அல்லர்; கூலியாளரும், கொத்து வேலை செய்வாரும், வீட்டு வேலை செய்வாரும் உளர். எனினும் இவ்வூர்த் திட்டம் எதையும் உரைத்துப் பார்க்கத் தறியைப் போன்ற உரைகல் வேறில்லை.

காஞ்சிப் பட்டுக்குப் பேர்பெற்ற தறி குழித்தறி. நெய்பவர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகளை மிதிப்பார். குழியின் ஈரம் இழையை வறண்டு அறாமற் காக்கும் என்பது நெசவாளரின் பட்டறிவு. சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைகளுக்கு வேறு நிறம். இரண்டும் கூடுமிடத்தில் இழையை இழை கவ்வவேண்டும். அதற்குப் பெயர் கோர்வை. மூன்று நாடாக்கள் ஓடவேண்டியிருப்பதால் பக்கத்தில் ஓர் ஆள் துணை நிற்கவேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் மனைவியோ உடன்பிறந்தாரோதாம். இன்னும் கேளுங்கள். பாவு நீட்டத் தெரு வேண்டும். வளைந்து நெளிந்த சந்து ஆகாது, நேரான நீண்ட தெரு வேண்டும். வெயில் ஏறுமுன் பாவை விரித்து முடிக்க அக்கம்பக்கத்தார் கை வேண்டும். ஒரு வீட்டின் பாவுக்கு நாலு வீட்டார் வந்து நிற்பர். பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் நடந்தவர்க்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்பொழுது, மூன்றாம் மாடியில் வீடு கொடுத்தால் குழியை எங்கே தோண்டுவது? கீழ்வீட்டாரின் தலைக்குமேல் மேல்வீட்டாரின் கால்கள் தொங்குமே! சிரிக்கிறீர்கள். ஆனால் வரைபடம் வரைந்த பொறியாளர் எவர்க்கும் இவ்வெண்ணம் தோன்ற வழியில்லை. அது அவர் குற்றமும் அன்று. அவர் படித்த நூலில் குழித்தறி இல்லை. ஆற்றங்கரையில் ஒரு நெசவுப் பெண்ணை நிறுத்தி, 'அம்மா, உங்களுக்கு மாடி வீடு கட்டப்போகிறோம், என்ன சொல்கிறீர்கள்?' என்று கேட்டிருந்தால், ஒரே மூச்சில் அவர் சொல்லியிருப்பார். கேட்பதற்கு அரைக் காசு செலவில்லை. கேளாமற் கட்டியதற்குப் பல கோடி உருபாய். இதே கீழ்க்கதிர்ப்பூரில்தான் அண்ணாவின் பெயரால் கைத்தறிப் பட்டுப் பூங்காவும் அமைந்தது. வீட்டைத் திட்டமிட்டவரும் தறிக்கூடத்தைத் திட்டமிட்டவரும் ஒரே பலகையில் அமர்ந்து பேசவேண்டியவர்கள் அல்லரோ?

நெசவாளர் தவிர்ந்த ஏனையோர்க்கும் இவ்வாறே. வரதர் கோயில் வாயிலிற் பூ விற்கும் பெண்ணுக்கு, விடியுமுன் பூவைக் கட்டி முடித்துக் கோயில் திறக்கும்போது அங்கிருக்க வேண்டும். அவர் கேட்பது ஒன்றே: 'முதற் பேருந்து எத்தனை மணிக்கு?' கோடிக்கணக்கிற் செலவிடும் திட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அந்த ஒரு பேருந்தில் தொங்குகிறது.

இனி, மற்றொன்றையும் இவ்வவையில் ஒளிக்காமற் சொல்லவேண்டும். ஆற்றைக் கெடுத்ததில் பட்டுத்தொழிலுக்கும் பங்குண்டு. இழையின் பசையை நீக்க வழலையும் காரமும் இட்டுக் கொதிக்க வைத்த நீரும், சாயத் தொட்டி நீரும் போகுமிடம் எது? கரையில் வாழும் ஏழை ஒருவர் குடிசை போட்டால் அதற்கு அறிவிப்பு ஒட்டுவார்கள். சாயநீர்க்கு எவரும் அறிவிப்பு ஒட்டுவதில்லை. மக்களைக் கேட்பது என்றால் மக்கள் தம் பிழையையும் சொல்லும்படி கேட்பதுதான். சாயநீரை ஓரிடத்தில் தேக்கித் தூய்மை செய்ய வேண்டும் என்பதைச் சாயத் தொழிலாளரே முன்வைக்கும் நாளில்தான் ஆற்றுக்கு விடிவு தொடங்கும்.

கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லையா எனலாம். சொல்லுகிறது, ஆனால் யாரைக் கேட்க வேண்டும் என்பதில்தான் ஓட்டை. 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், நிலத்தை எடுக்குமுன் அதனால் மக்கள் வாழ்வுக்கு நேரும் விளைவை ஆராயவேண்டும், பொதுமக்கள் கூட்டம் கூட்டவேண்டும், ஆய்வறிக்கையை அவ்விடத்து மொழியில் தரவேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் தமக்கெனப் பட்டா இல்லாதவர், அரசுக்குரிய ஆற்று நிலத்தில் இருப்பவர், அச்சட்டத்தின் கதவைத் தட்டினால் அது திறப்பதில்லை. எடுப்பதற்கு அவர் பெயரில் நிலமே இல்லையே! 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிப்போ, தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் மக்கள் கருத்துக் கேட்பு வேண்டுமென்று சொல்லிவிட்டு, கட்டடங்கட்கும் நகரியத் திட்டங்கட்கும் அது வேண்டியதில்லை என்று விலக்கு அளித்துவிட்டது. 1985-இல் பம்பாய் நடைபாதை வாழ்வோர் வழக்கில் (ஓல்கா தெல்லிசு வழக்கு என்பர்) உச்ச முறைமன்றம், பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதாகும், வெளியேற்றுமுன் அவர்கள் பக்கத்தைக் கேட்கவேண்டும் என்று தீர்ப்பிற் பொறித்தது. பொறித்த அத்தீர்ப்பிலேயே வெளியேற்றத்துக்கும் இசைவு தந்தது என்பதை மறைக்கலாகாது. எனினும் 'கேள்' என்ற சொல் அங்கே நிலைத்துவிட்டது.

கேட்பது என்றால் எந்த மொழியிற் கேட்பது? இங்கேதான் தமிழர் விழிப்பாக இருக்கவேண்டும். 2020-இல் நடுவணரசு, சுற்றுச்சூழல் அறிவிப்புக்குப் புதிய வரைவொன்றை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டு, நாட்டு மக்கள் எல்லாரும் கருத்துச் சொல்லலாம் என்றது. எல்லாரும்! காஞ்சி நெசவாளர் எந்த மொழியிற் படித்து எந்த மொழியிற் கருத்துச் சொல்வது? தில்லி உயர் முறைமன்றம் 2020 சூன் 30-ஆம் நாள், அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அவ்வரைவைப் பெயர்த்து வெளியிடுமாறு ஆணையிட்டது. நடுவணரசு பெயர்த்துத் தந்திருக்கலாம். மாறாக, அவ்வாணையை எதிர்த்து உச்ச முறைமன்றத்தின் படியேறியது. கருத்துக் கேட்கிறேன் என்பார். கேட்கும் வினாவை உன் மொழியிற் சொல்லமாட்டேன் என்பார். செவியைத் திறந்துவைத்து எதிரிலிருப்பவன் வாயைப் பொத்துவது இது.

தில்லியை மட்டும் சொல்லிப் பயனில்லை. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் நிறைவேறியது. இந்நாட்டுக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டத் தீர்மானம் நிறைவேற்றி, 1969-இல் அப்பெயர் நடைமுறைக்கு வரக்கண்ட அண்ணா பிறந்த ஊர் இது. இவ்வூர் ஆற்றங்கரை வீட்டுச் சுவரில் ஒட்டப்படும் தாளின் மொழியைப் படித்துப் பாருங்கள். 'ஆட்சேபணையுள்ள புறம்போக்கு', 'ஆக்கிரமிப்பாளர்', 'அப்புறப்படுத்துதல்'. தமிழெழுத்தில் இருக்கிறது, தமிழர்க்கு விளங்கவில்லை. ஆட்சேபணையுள்ள புறம்போக்கு என்றால், நீர்வழியைப் போல, பட்டா தரவே முடியாத நிலம் என்று பொருள். இது விளங்காமல் ஒவ்வொரு தேர்தலிலும் பட்டா வாங்கித் தருவேன் என்று வந்தவர்களையெல்லாம் நம்பி மக்கள் ஏமாந்தனர். 'ஆற்றுக்குரிய நிலம், இங்குப் பட்டா கிடையாது' என்று ஐந்தே சொல்லில் எழுதியிருந்தால் அந்த ஏமாற்றுக்கு இடமே இராது. புறம்போக்கு என்பதோ தூய தமிழ்ச்சொல். தீர்வைக்குப் புறம்பாக, ஊர்ப் பொதுவுக்கென விட்ட நிலம் அது. அந்தச் சொல்லை ஒரு மாந்தனை வையும் வசைச்சொல்லாக்கிய குமுகாயம், அந்நிலத்தில் வாழ்வாரை எந்தக் கண்கொண்டு பார்க்கும் என்று தனியே சொல்ல வேண்டுமா?

இம்மாவட்டத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. முதற் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை இட்டு ஆளைத் தேர்ந்து, ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று அமைத்தனர். கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினர்க்கும் இடமில்லை என்றனர். நீர்நிலையைப் பேண ஊராரிலிருந்தே தனியொரு வாரியம் என்பது பெருமைக்குரியதே. ஆனால் அக்கல்வெட்டை முழுக்கப் படிப்பவர் குறைவு. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் உடையவனாகவும், தன் மனையில் வீடு கட்டியவனாகவும், வேதம் கற்றவனாகவும் இருந்தாலன்றிப் பொதுவாக ஓலையில் அவன் பெயர் ஏறாது. அது பார்ப்பனர் ஊரவை. ஏரியை வெட்டிய கைக்கும், மதகைக் காத்த கைக்கும் அங்கு ஓலை இல்லை. சொந்த மனை இல்லாதவனைக் கேளாமை 1,100 ஆண்டுப் பழக்கம் என்பதற்கும் அக்கல்லே சான்று! பெருமையை மட்டும் பெயர்த்தெடுத்துக் குறையைப் புதைப்பது வரலாறு ஆகாது.

கேளாமையின் விளைவைக் காணத் தொலைவு செல்லவேண்டா. சென்னையிற் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்த மக்களை வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லித் தென்கோடிக்கு அனுப்பினர். அவர்களுள் பலர் போய்ச் சேர்ந்த செம்மஞ்சேரி, பள்ளிக்கரணைச் சதுப்பின் நீர் வடியும் பக்கம். மழைதோறும் அங்கும் நீர் நின்றது. 2022 மே திங்களில், இராசா அண்ணாமலைபுரத்துக் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய வீடுகள் இடிக்கப்பட்டபோது முதியவர் ஒருவர் தீக்குளித்து மாண்டார். அதன்பின் முதலமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து, இனி வெளியேற்றுமுன் மக்களைக் கலந்து பேசுவோம் என்று உறுதி கூறினார். ஓர் உயிர் போன பின்னரே அவ்வுறுதி வந்தது. அதை நினைவூட்டிக்கொண்டே இருப்பது மக்கள் கடன்.

கேட்டதால் விளைந்த நன்மையும் இல்லாமல் இல்லை. குசராத்தில் அகமதாபாத்து நகரின் சபர்மதிக் கரையைச் சீர்செய்தபோது பல்லாயிரம் குடும்பங்கள் அகற்றப்பட்டன, அது பெருமைப்படத்தக்கதன்று. ஆனால் அக்கரையில் ஞாயிறுதோறும் கூடிவந்த பழம்பொருட் சந்தையின் வணிகர்கள், வெறுமனே அழாமல், தாம் எப்படிக் கடை விரிக்கிறோம், எத்துணை இடம் வேண்டும், எங்கே நிழல் வேண்டும் என்று தம் பக்கத்தைக் கல்வியாளர் துணையொடு வரைந்து எடுத்துக்கொண்டு முறைமன்றம் சென்றனர். புதிய கரையிலேயே அவர்கட்குச் சந்தையிடம் அமைந்தது. வரைபடத்துக்கு வரைபடத்தாலேயே மறுமொழி சொன்னார்கள்.

தோழர்களே! சிற்றூர்களில் ஊரவை உண்டு. பரந்தூர் வானூர்தி நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரத்து மக்கள் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியது அந்த அவையில்தான். நகரத்தார்க்கு அத்தகைய அவை நெடுநாள் இல்லாதிருந்தது. காஞ்சிபுரம் 2021-இல் மாநகராட்சி ஆயிற்று, 51 வட்டங்கள். 2022 நவம்பர் முதல் நாள் உள்ளாட்சி நாளன்று தமிழ்நாட்டு நகரங்களிற் பகுதியவை (அரசு வழக்கிற் பகுதி சபை) கூட்டும் நடைமுறை தொடங்கியது. இது வெறும் தேநீர்க் கூட்டமாவதும், மக்கள் மன்றமாவதும் வருகிறவர்களைப் பொறுத்தது.

ஆற்றங்கரை வட்டங்களிலுள்ள இளைஞர்கள் ஒன்று செய்யலாம். ஆற்றுச் சீரமைப்புத் திட்டத்தின் வரைபடத்தைத் தகவலுரிமைச் சட்டப்படி கேட்டுப் பெறுங்கள். அதிலுள்ள ஆங்கிலப் பெயர்களின்மேல் தமிழ்ப் பெயர்களை எழுதுங்கள். தெருப்பெயர், படித்துறைப் பெயர், கோயிற்பெயர் எல்லாம். கரையோர வீடுகளுக்கு நேரிற் சென்று எத்தனை தறி, எத்தனை பள்ளிப் பிள்ளைகள், நடக்கவியலாத முதியோர் எத்தனை பேர், 2015-இலும் 2021-இலும் நீர் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்று அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பெண்கள் தனியே சொல்லட்டும். ஆண்கள் பக்கத்தில் நின்றால் அவர்கள் பேசமாட்டார்கள். படுகைக்குள் இருக்கும் வீடு எது, கரைமேல் இருக்கும் வீடு எது என்று பிரித்துக் குறியுங்கள். படுகைக்குள் ஏழையின் வீட்டோடு பெரிய கட்டடம் இருந்தால் அதையும் விடாமற் குறியுங்கள். அதன் அடியில் மூன்றே வேண்டுகோள் எழுதுங்கள்: திட்டத்தைத் தமிழில் தருக, கூட்டத்தை மாவட்டத் தலைமை அலுவலகத்தில் வைக்காமல் ஆற்றங்கரையில், தறி ஓயும் மாலைப்பொழுதில் வைக்க, சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஏற்றோம் என்றோ ஏலோம், கரணியம் இது என்றோ எழுத்தில் விடை தருக.

அக்குறிப்பேட்டை மூன்று படிகள் எடுத்து, ஒன்றைப் பகுதியவையிலும், ஒன்றை மாநகராட்சி ஆணையரிடமும், ஒன்றை மாவட்டத் தலைவரிடமும் கொடுத்து, வாங்கியதற்குக் கையொப்பமும் நாளும் எண்ணும் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்த பகுதியவை கூடும் நாளில் அந்த எண்ணைச் சொல்லி விடை கேளுங்கள். இக்கூட்டம் முடிந்ததும் இவ்வாசலிலேயே ஒரு பலகையிற் குறிப்பேடும் எழுதுகோலும் இருக்கும். கரையிலிருந்து வந்திருப்பவர்கள் போகும்போது உங்கள் வீட்டுத் தறியின் எண்ணிக்கையை எழுதிவிட்டுப் போகலாம்.